சீதன உறுதியும் குமாரி ஜயவர்த்தனவும்

ஐயா,

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். யாழ்ப்பாணப் பெண்களின் அரசியல் உரிமை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எல்லாரும் இலங்கைப் பெண்ணிய வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தனவை வாசி என்கிறார்கள். பெண்ணியமும் தேசியமும் பற்றிய அவருடைய நூலைத் திறந்தால் எகிப்து, துருக்கி, சீனா, ஜப்பான் என்று போகிறது. எங்கள் ஊரை அதில் தேட வேண்டியிருக்கிறது. பெண்ணியமே மேற்கிலிருந்து இறக்கிய சரக்குத்தானே என்று வகுப்பில் ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. எங்கே தொடங்குவது?

வாசகி, கொக்குவில்

அன்புள்ள சகோதரி,

வகுப்பில் எழுந்த கேள்விக்குப் பதிலாகத்தான் 1986இல் அந்த நூல் வந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் கற்பித்த காலத்து விரிவுரைக் குறிப்புகளிலிருந்து வளர்ந்தது அது. ஆசிய நாடுகளிலும் எகிப்திலும் பெண்களின் போராட்டம், குடியேற்ற ஆட்சிக்கும் உள்ளூர்ப் பழமைக்கும் எதிராக அந்தந்த மண்ணிலேயே முளைத்தது என்று நாடு நாடாகக் காட்டுகிறார். அதே தேசிய இயக்கங்கள் பெண்ணை வீதிக்குக் கூப்பிட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அடுப்படிக்கு அனுப்பியதையும் சொல்கிறார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் வாசிப்பதில்லை.

ஆனால் நீங்கள் அதில் தொடங்க வேண்டாம். 1972இல் வந்த இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் தொடங்குங்கள். லண்டனில் 1964இல் முடித்த கலாநிதி ஆய்விலிருந்து உருவான நூல். 1893 அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1906 வண்டிக்காரர், 1912 ரயில்வே, 1923 பொது வேலைநிறுத்தம் என்று வரும். யார் சேர்ந்தார்கள், என்ன கூலி, யார் தலைமை, அந்தத் தலைவரின் வர்க்கம் என்ன என்று கேட்டுக்கேட்டுப் போவதுதான் அவருடைய முறை. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் 1930களில் மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பியதையும், பின்னாளில் இனமும் வர்க்கமும் பற்றி ஜயவர்த்தன எழுதியதையும் சேர்த்து வாசித்தால் அந்த முறை கைக்கு வரும். சாராயக் குத்தகையில் சேர்ந்த பணம் எப்படித் தோட்டமாகவும் காரீயச் சுரங்கமாகவும் மாறியது என்று சொல்லும் 2000ஆம் ஆண்டு நூலும் இதே கைவேலைதான். அதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் தலைப்புக்கு வருவோம். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. இலங்கைக்குப் புதிய அரசியல் யாப்பைப் பரிந்துரைக்க வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழு முன் போன அதன் பிரதிநிதி அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்றார். ஆணைக்குழு பெண்ணுக்கு 30 வயது என்றது. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 ஆனது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரும் அவரேதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

1931 முதல் தேர்தலில் நாட்டுப் பெண்கள் வாக்களித்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாக்குப்பெட்டியே இல்லை. டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்தக் காலத்தின் மிக முற்போக்கான தேசிய இயக்கம்தான், பெண்ணின் முதல் வாக்கை மூன்று வருடம் தள்ளிவைத்தது. ஜயவர்த்தனவின் வாதத்துக்கு இதைவிடக் கூரான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. நூலில் ஊரைத் தேடுவதை விட்டு, நூலின் கேள்வியை ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

சான்றுக்கு எங்கே போவது? பத்திரிகையை மட்டும் நம்பினால் படித்த குடும்பத்துப் பெண்கள்தான் அகப்படுவார்கள். அமெரிக்க மிஷன் அறிக்கைகளில் இன்னொரு பொறி உண்டு. 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலைப் பிள்ளைகள் பலருக்கு, அமெரிக்காவில் காசு கொடுத்தவர்களின் பெயரையே சூட்டினார்கள். ஆங்கிலப் பெயரைக் கண்டு வெள்ளைக்காரி என்று எழுதிவிடாதீர்கள்.

நான் சொல்வது சீதன உறுதிகள், அதாவது சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரங்கள். படிப்பு இல்லாத பெண்ணும் பெயரோடு நிற்கும் இடம் அது. ஒரு குறிச்சி, 1900 முதல் 1920 வரை, ஐம்பது உறுதி போதும். இடையில் யாழ்ப்பாணத் தமிழரின் மண உரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வருகிறது. அதன்படி மணமான பெண்ணின் காணி அவளுடையதே. ஆனால் விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆகவே விற்பனை உறுதியில் ஆணின் கையொப்பத்தைக் கண்டவுடன் அவரைச் சொந்தக்காரர் என்று குறித்துவிட்டால் முழுக் கணக்கும் பிழைக்கும். முதலில் ஆதனம் வந்த வழியைச் சொல்லும் வாசகத்தைப் பாருங்கள்: சீதனமா, முதுசமா (பரம்பரையாக வந்ததா), தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடியதா)? 1947 திருத்தத்துக்குப் பிறகு தேடியதேட்டத்தின் பொருளே மாறியது என்பதால் பிந்திய உறுதிகளை அதே கட்டத்தில் போடாதீர்கள்.

ஒவ்வொன்றிலும் திகதி, உறுதி எழுதிய நொத்தாரிசின் ஊர், காணியின் பெயர், எத்தனை பரப்பு, கொடுத்தவர், பெற்றவர், சாட்சி, கையொப்பமா கைநாட்டா என்று எட்டுக் கட்டம் கீறிக்கொள்ளுங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். காணிப் பெயரின் எழுத்து உறுதிக்கு உறுதி மாறும். எல்லைகளை ஒப்பிட்டுத்தான் அதே காணியா என்று தீர்மானிக்கலாம். "இன்னாரின் பெண்சாதி" என்ற இடத்தில் பெண்ணின் சொந்தப் பெயர் அதற்கு முன்னாலேயே இருக்கும். அட்டவணையில் அதைத்தான் எழுத வேண்டும். காணிப் பதிவகத்துக்கு வெறுங்கையோடு போகாமல், வீட்டில் கிடக்கும் ஓர் உறுதியை எடுத்துப் போங்கள். அதில் உள்ள பதிவேட்டுத் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் பிடித்துப் பின்னோக்கி நடக்கலாம்.

காணியே இல்லாதவர்கள் இந்த அட்டவணையில் வரமாட்டார்கள். சாதியால் காணி மறுக்கப்பட்ட பெண்களை வாய்மொழியில்தான் தேட வேண்டும். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.