எழுத்துரு கேள்வி – பதில்

பிரஷ் ஸ்கிரிப்ட், மிஸ்ட்ரல் என்ற ஆங்கில எழுத்துருக்கள் இரண்டும் ஒன்றுதானா? அழைப்பிதழ் மாடலில் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை.
– வாசகர், சிவகாசி

இல்லை, வேறு வேறு. பிரஷ் ஸ்கிரிப்ட்டை 1942-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்தவர் ராபர்ட் இ. ஸ்மித். கனமான, வலப்பக்கம் சாய்ந்த கோடுகள். சின்ன எழுத்து ஒவ்வொன்றின் வாலும் அடுத்த எழுத்தைத் தொடுகிற உயரத்தில் முடியும். தனித்தனி ஈய அச்சுகளை அடுக்கினாலும் ஒரே இழுப்பில் எழுதியதுபோல் தெரிந்தது அதனால்தான். மிஸ்ட்ரல் 1953-ல் பிரான்சில் வந்தது. ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தை வைத்தே உருவாக்கியது. விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் அது மிஸ்ட்ரல்.

பிரஷ் ஸ்கிரிப்ட்டில் கடைப் பெயரை முழுக்கக் கேப்பிட்டலில் போட்டால் படிக்கவே முடியவில்லையே?
– வாசகர், ஈரோடு

முடியாது. இதில் கேப்பிட்டல் சொல்லின் முதலில் நிற்க மட்டுமே வரையப்பட்டது. பக்கத்து கேப்பிட்டலோடு சேராது. வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் எழுத்துருவையே மாற்றிவிடுங்கள்.

எழுத்துகள் சில இடத்தில் விட்டுப்போகின்றன. வினைல் ஸ்டிக்கர் வெட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் பிளேடு கீறிவிடுகிறது.
– வாசகர், மதுரை

முதலாவது, இடைவெளிக் கோளாறு. எழுத்திடைவெளி பூஜ்யத்தில் இருக்கட்டும். ஜஸ்டிஃபை போடாதீர்கள், வரியை நிரப்ப மென்பொருள் எழுத்துகளை இழுத்தால் வால் அறுந்துவிடும்.

இரண்டாவது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இணைகின்றன. திரையில் ஒரே உருவம். வினைல் வெட்டும் கட்டர் இயந்திரத்துக்கோ ஒவ்வொன்றும் தனி உருவம். கோரல்டிரா மென்பொருளில் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. கன்ட்ரோல் கே-யை எழுத்துகள் தனித்தனியாகப் பிரியும்வரை அழுத்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரே உருவமாக இணைக்கும் ‘வெல்ட்’ கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, பிறகு பாத்ஃபைண்டரில் ‘யுனைட்’. வெறும் விளிம்புக்கோடுகளைக் காட்டும் வயர்ஃப்ரேமில் பார்த்து, உள்ளே குறுக்குக்கோடு ஒன்றும் இல்லை என்றால் வெட்டலாம். எழுத்தைச் சுற்றி வெள்ளை பார்டர் வேண்டுமானாலும் வெல்ட் செய்த பிறகே போடுங்கள்; முன்பே போட்டால் பார்டர் ஒவ்வொரு இணைப்பையும் வெட்டிக்கொண்டு ஓடும்.

‘போல்ட்’ பட்டனைத் தொடாதீர்கள். தனி போல்ட் வடிவம் இல்லாத எழுத்துருவில் மென்பொருள் கோட்டைச் சும்மா உப்பவைக்கும். ஆங்கில ‘e’, ‘a’ எழுத்துகளின் உள்ளே இருக்கும் கண் அடைத்துப்போகும். துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் மை பரவி இன்னும் மோசம். 18 பாயிண்ட்டுக்குக் கீழே, முகவரிக்கும் போன் நம்பருக்கும், இந்த எழுத்துருவே வேண்டாம்.

தமிழுக்கும் பிரஷ் ஸ்கிரிப்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்து மாறவே இல்லை!
– வாசகர், திருச்சி

அதில் தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோடில் அடித்திருந்தால் கணினி தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைக் காட்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைக்கும் பாமினி போன்ற பழைய முறையில் அடித்திருந்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும். நேரான தமிழ் எழுத்தைச் சாய்த்து ஜோடி சேர்ப்பவர்கள் உண்டு. கொம்பும் சுழியும் கோணிக்கொள்ளும், பார்க்கச் சகிக்காது. தூரிகைச் சாயலில் வரைந்த தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, அதன் கோட்டுக் கனம் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும்வரை அளவைக் கூட்டிக் குறையுங்கள். உயரம் சற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை.