பேங்க் முழுகினால் கவர்மென்ட் யாரைத் தூக்கிவிடும்?

கேள்வி: எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கமுங்க. மாமனார் (67 வயது) காடு விற்ற பணம் 24 லட்சம் அவர் பேரில் இருக்கிறது. 18 லட்சம் ஒரே தனியார் பேங்கில், 6 லட்சம் வட்டி கூடுதலாகத் தரும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில். "எந்த ஆட்சி வந்தாலும் பேங்கை முழுக விடாது" என்கிறார். "முதலாளி ஏப்பம் விட்டதுக்கு நம்ம வரிப்பணமா?" என்று கொழுந்தனார் மல்லுக்கு நிற்கிறார். பணத்தை எடுத்துவிடலாமுங்களா?

பதில்: அம்மணி, இது உங்கள் வீட்டுச் சண்டை மட்டும் இல்லைங்க. 2008-ல் லேமன் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு பேங்க் விழுந்த கையோடு, மற்ற பேங்குகளைத் தூக்கிவிட அங்கே 70,000 கோடி டாலர் மீட்பு மசோதா வந்தபோது, செப்டம்பர் 29 அன்று கீழ்ச்சபை 228-205 என்று அதைத் தோற்கடித்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் அதிபர் புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர்கள்தான் அதிகம். பங்குச்சந்தை சரிந்ததும் சில திருத்தங்களோடு அக்டோபர் 3 அன்று அதே சபை நிறைவேற்றிவிட்டது. இங்கே 2017-ல் ஒரு மசோதா வந்தது: நொடித்த பேங்கைத் தூக்கிவிட, வெளியிலிருந்து பணம் தருவதற்குப் பதிலாக, பேங்க் கொடுக்க வேண்டிய பாக்கியிலேயே கைவைக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. டெபாசிட்டுக்கும் ஆபத்து என்று பெரிய கூச்சல் எழும்பி, 2018-ல் வாபஸ் வாங்கினார்கள். கொழுந்தனார் பேசும் நியாயத்தைக் கடைசிவரை இழுத்தால் அங்கேதான் போய் நிற்கும், அடி விழுவது அவர் அப்பாவின் டெபாசிட்டில்.

காப்பாற்றுகிறார்கள் சரி, யாரை என்று பாருங்கள். கரூர் லட்சுமி விலாஸ் பேங்கை நம் பக்கம் தெரியாதவர் உண்டா? 2020 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், நவம்பர் 17, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று போட்டார்கள். சனிக்கிழமை கூலி போட வேண்டிய தறிக்காரருக்கு 25,000 எந்த மூலைக்கு? 27-ஆம் தேதி சிங்கப்பூர்க்காரர்களின் டி.பி.எஸ். பேங்கோடு இணைத்தார்கள், டெபாசிட் முழுசாகத் தப்பியது. ஷேர் வைத்திருந்தவர்களுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். ஊர்ப் பேங்க் என்ற பாசத்தில் ஷேரை விற்காமல் வைத்திருந்தவர்களும் அதில் அடக்கம். அதே வருஷம் மார்ச்சில் யெஸ் பேங்குக்கு ஸ்டேட் பேங்க் பணம் போட்டது, அது அரசு பேங்க் என்பதால் கொழுந்தனார் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் 8,415 கோடி பாண்டை (பேங்குக்குக் கடன் கொடுத்தவர்கள் கையிலிருந்த பத்திரம்) ஒரே கையெழுத்தில் அழித்தார்கள், அந்த வழக்கு கோர்ட்டுக்குப் போனது தனிக் கதை. என்னைக் கேட்டால் டெபாசிட்காரரைக் காப்பாற்றட்டும், முதலாளியை விட்டுத்தள்ளட்டும்.

மாமனார் நம்பிக்கை சட்டத்தில் எழுதின வாக்குறுதி இல்லைங்க. எழுதியிருப்பது பேங்க் முழுகினால் டெபாசிட் இன்சூரன்சில் கிடைக்கும் 5 லட்சம்தான், 2020 பிப்ரவரியில் 1 லட்சத்திலிருந்து ஏற்றினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் எத்தனை கிளையில் போட்டிருந்தாலும் வட்டியும் சேர்த்து அவ்வளவே. அப்புறம் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி 6 லட்சம்தான் எனக்கு நிஜமான பயம், அதற்கு இந்த இன்சூரன்ஸ் ஒரு ரூபாய்கூடக் கிடையாது, ஊர் விவசாயச் சொசைட்டி டெபாசிட்டுக்கும் அப்படித்தான். டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் ஃபைனான்ஸ் கம்பெனி கவிழ்ந்தபோது அங்கே பெரிய தொகை டெபாசிட் போட்டவர்களுக்குப் பாதிகூடத் திரும்பவில்லை.

அதனால் 6 லட்சம் முதிர்ந்ததும் புதுப்பிக்காதீர்கள், ஏஜென்ட் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு எவ்வளவு நைச்சியமாகப் பேசினாலும் சரி. 18-இல் நாலரை லட்சம் இந்தப் பேங்கிலேயே இருக்கட்டும், இன்னொரு நாலரையை வேறு பேங்கில் போடுங்கள். மீதி 9 லட்சம் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்துக்குப் போகட்டும், 60 தாண்டியவர் 30 லட்சம் வரை போடலாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் வட்டி வரும். டெபாசிட்டை இடையில் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், எவ்வளவு என்று ரசீதைக் காட்டி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போகிற போக்கில் நாமினியாக யார் பேர் இருக்கிறது என்றும் பாருங்கள்.