சுகர் ஸ்டிரிப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; நான்கு மாதங்களாக மதுரையில் தனியார் மருத்துவமனையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு முறைக்கு 1,600 ரூபாய். இன்சுலின் பேனாவுக்கும் ஊசிக்கும் மாதம் 2,400, சர்க்கரை அளவு பார்க்கும் ஸ்டிரிப்புக்கு 1,200, ஆட்டோவுக்கு 4,000 ஆகிறது. என் சம்பளம் 62,000. தள்ளுபடிக்காக மூன்று மாத இன்சுலினை மொத்தமாக வாங்கலாமா? ஸ்டிரிப்பைக் குறைக்கலாமா? வீட்டை அடமானம் வைக்கலாம் என்கிறார் தம்பி. வருமான வரியில் 80டிடிபி பிரிவின்கீழ் சிகிச்சைச் செலவைக் கழித்துக் காட்டினால் வரி மிச்சமாகும் என்கிறார் நண்பர்.

பதில்: மாதத்துக்குப் பதின்மூன்று டயாலிசிஸ் என்று கொண்டால் அதற்கே 20,800 ரூபாய் ஆகிறது. மொத்தச் செலவான 28,400 ரூபாயில் இன்சுலினின் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. தள்ளுபடியில் பெரிதாக மிச்சமாகாது; மொத்தமாக வாங்கவும் வேண்டாம். உடலில் சேரும் இன்சுலினில் கணிசமான பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது செயலிழந்தபின் போட்ட மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதால், பலருக்கு மருத்துவர்கள் அளவைப் பாதிவரைகூடக் குறைக்க நேர்கிறது. அளவு குறைந்தால் தேவையும் குறையும். நீங்கள் தள்ளுபடியில் வாங்கியது ஃபிரிட்ஜிலேயே தேங்கிவிடும். டயாலிசிஸ் தொடங்கியபின் அளவு மாற்றப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே சிறுநீரக மருத்துவரிடமும் சர்க்கரை மருத்துவரிடமும் கேளுங்கள். டயாலிசிஸ் நாளில் எவ்வளவு போடுவது என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஸ்டிரிப்பில் கை வைப்பது பெரிய தவறு. டயாலிசிஸ் நோயாளிகளிடம் இரத்தசோகையும் அதற்குப் போடும் ஊசியும் சேர்ந்து மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை நம்ப முடியாததாக்கிவிடுகின்றன; விரல் நுனியில் பார்க்கும் அளவே வழிகாட்டி. இரவில் சர்க்கரை தாழ்ந்து ஒருமுறை அவசரப் பிரிவுக்கு ஓடினால் ஆகும் செலவில் பல மாத ஸ்டிரிப் வாங்கிவிடலாம்.

பேனாவுக்குப் பதிலாகக் குப்பி இன்சுலின் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். விலை நன்றாகக் குறையும். ஆனால் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்ச்தான் வாங்க வேண்டும். 100 யூனிட் சிரிஞ்சை மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

பெரிய தொகை மிச்சமாகும் இடம் உங்கள் அலுவலகக் குழுக் காப்பீடு. பல நிறுவனங்களின் பாலிசி முன்பே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். பெற்றோரைச் சேர்க்க வழியுண்டா, டயாலிசிஸ் பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்படுகிறதா, உச்சவரம்பும் நாம் ஏற்க வேண்டிய பங்கும் எவ்வளவு என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். தனிநபர் பாலிசி இந்நிலையில் கிடைப்பது அரிது. கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், நீங்கள் ஒரே குடும்பமாக இருந்தால் அது பொருந்தாது.

80டிடிபி கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. மூத்த குடிமகனுக்கு உச்சவரம்பு ஒரு லட்சம். ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரியே இல்லை என்பதால், உங்கள் 7.44 லட்சத்துக்கு அந்தக் கழிவு ஒரு ரூபாயையும் மிச்சப்படுத்தாது.

வீட்டை இப்போது தொடாதீர்கள். மாதாமாதம் வரும் செலவுக்குக் கடன் வாங்கினால் செலவும் நிற்காது, வட்டியும் நிற்காது. பின்னாளில் மருத்துவர் மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதி உண்டு என்று சொன்னால், அந்த ஒருமுறைச் செலவுக்கு வீட்டின் பேரில் கடன் வாங்குவதைப் பற்றித் தம்பியுடன் அப்போது பேசுங்கள்.