வீட்டிலேயே வனவிலங்கு மீட்பு மையம் தொடங்கலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கூட்டிலிருந்து விழுந்த அணில் பிள்ளை, அடிபட்ட ஆந்தை என்று எங்கள் வீட்டுக்கு யாராவது கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வளர்க்க முடியவில்லை என்று ஒருவர் இகுவானா என்ற வெளிநாட்டுப் பெரிய பல்லியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டில் எல்லோருக்கும் இதில் ஆர்வம். தோட்டத்தில் மீட்பு மையம் தொடங்கலாமா?"

நீங்களாகத் தொடங்க முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மீட்பு மையமும் விலங்குக் காட்சிசாலைக் கணக்கில்தான் வரும், மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்தக் கூடாது. மகாராஷ்டிராவின் ஹேமல்கசாவில் 1973 முதல் பழங்குடி மக்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டே அநாதையான விலங்குகளையும் குடும்பமாக வளர்த்துவரும் பிரகாஷ் ஆம்தே, மந்தாகினி ஆம்தே தம்பதி 2008-ல் மகசேசே விருது பெற்றவர்கள். அவர்களும் அந்த அங்கீகாரத்தோடுதான் விலங்குகளைப் பராமரிக்கிறார்கள்.

ஆனால் முதல் சில மணி நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது, பெரும்பாலான உயிர்கள் போவதும் பிழைப்பதும் அப்போதுதான். அணில் பிள்ளை காயமில்லாமல் கிடந்தால் உடனே வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். பூனையும் எறும்பும் அண்டாதபடி ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, மரத்தடியிலேயே விட்டு, தள்ளி நின்று பாருங்கள், பல நேரம் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு. தாய் வரவில்லை என்றால் முதலில் சூடு, அப்புறம்தான் உணவு. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். உடல் சில்லிட்டிருக்கும்போது பால் புகட்டினால் செரிக்காது, பசும்பாலோ எப்போதுமே வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும். பறவைக்குப் பாலே கூடாது. அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

பெட்டியை மூடி, இருட்டும் அமைதியுமாக ஓர் அறையில் வைத்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கைக்கு வந்த வன உயிரினத்தைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பாவம் என்று ஒரு வாரம் வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை எடுத்துக் கொஞ்சி, பெயர் வைத்து, கையால் ஊட்டி வளர்த்த ஆந்தைக் குஞ்சு, ஆளைக் கண்டால் பறந்து ஒதுங்காமல் தோளில் வந்து உட்காரும். அதை எந்த மரத்தில் கொண்டுபோய் விடுவீர்கள்? இரை பிடிக்கவும் தெரியாது, நாயைக் கண்டு பயப்படவும் தெரியாது. மறுபடி காட்டுக்குப் போக வேண்டிய உயிர் நம்மைப் பார்த்துப் பயப்படத்தான் வேண்டும்.

இகுவானா கதை வேறு. அது நம் மண்ணின் உயிர் இல்லை, எங்கேயும் வெளியே விடவே கூடாது. அந்த இனத்தை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். கொடுத்தவரிடம் பதிவுச் சான்று கேளுங்கள். இல்லை என்றால் தள்ளிப்போடாமல் நீங்களே மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதுவரை கீரை, இலை தழைகளோடு காலை வெயிலும் கொடுங்கள். கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது, அதில் புற ஊதாக் கதிர் கிடைக்காமல் எலும்பு மெலிந்து தாடை வீங்கிவிடும்.

இதற்கு மேலும் ஆர்வம் இருந்தால் அதே வனச்சரக அலுவலகத்தில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். பாலூட்டிகளைத் தொடும் வேலைக்குப் போகும் முன் வீட்டில் எல்லோரும் மருத்துவரிடம் கேட்டு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.