மூன்று முறை பலித்தது எப்படி?

கேள்வி: சம்பா நெல் போட்ட பணம் இப்போதுதான் கணக்கில் ஏறியிருக்கிறது. இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டங்களில் இடைவேளையின்போது யார் முன்னிலை, அல்லது டிராவா என்று டெலிகிராமில் ஒரு குழு முன்கூட்டியே சொல்கிறது. இலவசமாகச் சொன்ன மூன்றும் அப்படியே பலித்தன. நான்காவது ஆட்டம் ஃபிக்ஸ் ஆகிவிட்டதாம். முடிவைச் சொல்ல 8,000 ரூபாய் கேட்கிறார்கள். நானும் பல வருடமாக ஃபுட்பால் பார்ப்பவன்தான். கட்டலாமா?
- பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட.

மூன்றும் பலித்ததுதான் உங்களை மயக்கியிருக்கிறது. அது எப்படி நடந்திருக்கும் என்று பாருங்கள். இடைவேளை முடிவு மூன்றே விதம்: உள்ளூர் அணி முன்னிலை, வந்த அணி முன்னிலை, டிரா. ஒருவன் 2,700 பேரைப் பிடித்து 900 பேருக்கு ஒரு முடிவு, அடுத்த 900 பேருக்கு வேறொன்று, மீதிப் பேருக்கு மூன்றாவது என்று அனுப்புகிறான். எது வந்தாலும் 900 பேருக்குப் பலித்திருக்கும். தவறிப்போனவர்களை விட்டுவிட்டு, அந்த 900 பேரை மறுபடி மூன்றாகப் பிரிக்கிறான். இப்போது 300 பேர். அடுத்த ஆட்டம் முடிந்ததும் 100 பேர். அந்த 100 பேரும் மூன்று முறையும் பலித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆளுக்கு 8,000 என்றால் எட்டு லட்சம். இதற்கு அவனுக்கு ஃபுட்பாலே தெரிய வேண்டாம். தவறான முடிவு போன 2,600 பேர் உங்களுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை, அதனால் அவர்கள் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. உண்மையிலேயே ஃபிக்ஸ் ஆன ஆட்டம் ஒருவன் கையில் இருந்தால், அதை மன்னார்குடியில் இருக்கும் உங்களிடம் 8,000 ரூபாய்க்கு விற்க மாட்டான்.

சரி, குழுவை விடுங்கள். ஃபுட்பால் பார்த்த அனுபவத்தை வைத்து நாமே கணித்துப் பந்தயம் கட்டலாமே என்று தோன்றும். கணிக்கலாம். முதல் பாதியில் சராசரியாக ஒன்றேகால் கோல் அளவுக்குத்தான் விழும். அணிகள் நிதானமாகத் தொடங்கும். கால்கள் சோர்வதும், மாற்று ஆட்டக்காரர்கள் இறங்குவதும், பின்தங்கிய அணி துணிந்து முன்னேறுவதும் பிற்பாதியில்தான். அதனால் பத்து ஆட்டத்தில் ஏறக்குறைய நான்கு, இடைவேளையில் டிராவாகவே நிற்கும். ஆனால் உங்களுக்குத் தெரிந்த இது, பந்தயம் நடத்தி ரேட் போடுகிறவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

ஓர் உதாரணம். 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் உள்ளூர் அணிக்கு 250, டிராவுக்கு 210, வந்த அணிக்கு 450 ரூபாய் என்று ரேட் இருக்கிறது. எது வந்தாலும் சரியாக 100 ரூபாய் கைக்கு வரும்படி மூன்றிலும் கட்டிப் பாருங்கள்: 40, ஏறக்குறைய 48, 22. ஆகமொத்தம் 110 ரூபாய். அந்தப் பத்து ரூபாய் விசில் ஊதும் முன்பே அவனுக்குப் போய்விட்டது. அவன் போட்ட ரேட்டே பிசகு என்று காட்டும் அளவுக்குக் கூர்மையாகத் தெரிந்தவர் மட்டுமே அதைத் தாண்ட முடியும். டி.வி.யில் ஆட்டம் பார்க்கிற பழக்கம் அதற்குப் போதாது.

அப்புறம் சட்டம். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022-லேயே சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. நீங்கள் ஜெயித்து, அவர்கள் பணம் தர மறுத்தால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பீர்கள்?

கணக்கில் இருக்கும் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அறுப்பு மெஷின் வாடகை, சொசைட்டியில் அடகு வைத்த நகை, ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விதையும் உரமும். வீட்டில் கணக்கைக் காட்டி, நகையை முதலில் மீட்டுவிடுங்கள். குழுவிலிருந்து வெளியேறி, அந்த எண்ணைத் தடை செய்யுங்கள்.

இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வருவதற்குள் பணம் அனுப்பியிருந்தால், கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. குழுவில் வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். பணம் போன யுபிஐ ஐடியையும் பரிவர்த்தனை எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.