ஓசோன் துளை தென்துருவத்தின் மேல் தோன்றியது ஏன்? சூசன் சாலமன் கண்ட விடை

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட, ஓசோனைச் சிதைக்கும் குளோரின் கொண்ட குளோரோபுளோரோகார்பன்கள் பெரும்பாலும் வட அரைக்கோளத்தில் வெளியேற, ஓசோன் மட்டும் அண்டார்க்டிகாவின் மேல் அத்தனை கடுமையாகத் தேய்ந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அண்டார்க்டிகாவிலுள்ள ஹாலி ஆய்வு நிலையத்தின் அளவீடுகளை 1985இல் ஜோ ஃபார்மன் குழுவினர் வெளியிட்டபோது அறிவியலாளர்களையே திகைக்க வைத்த கேள்வி இது.

அமெரிக்க வேதியியலாளர் சூசன் சாலமன் விடையை மேகங்களில் தேடினார். தென்துருவக் குளிர்காலத்தில் ஓசோன் நிறைந்த உயர் வளிமண்டல அடுக்கான அடுக்குமண்டலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 78 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அங்கே மெல்லிய மேகங்கள் உருவாகின்றன. செயலற்ற சேர்மங்களில் அடங்கிக் கிடந்த குளோரின் அவற்றின் துகள் பரப்பில் விடுபட்டு, வசந்தத்தில் சூரியன் எழுந்ததும் ஓசோனைச் சிதைக்கத் தொடங்குகிறது.

கருத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1986இல், முப்பது வயதில், அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்கு ஆய்வுக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றார். உறைகுளிரில் கூரைமேல் கண்ணாடிகளைத் திருப்பி, நிலவொளியை, அதை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிக்குள் செலுத்தி அளந்தபோது, குளோரின் விடுபட்டதைக் காட்டும் குளோரின் டை ஆக்சைடு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு இருந்தது. அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஓசோன் தேய்ந்ததால் கூடுதலாக இறங்கிய புற ஊதாக் கதிர்களால் உயிர்களுக்கு நேர்ந்ததை அளந்தவர்கள் வேறு குழுவினர். ரேமண்ட் ஸ்மித்தும் பார்பரா பிரெசலினும் உள்ளிட்டோர் 1990இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் ஆய்ந்து, துளைக்குக் கீழே பனி விளிம்பில் மிதவைத் தாவரங்களின் உற்பத்தி குறைந்தபட்சம் 6 முதல் 12 சதவீதம் சரிந்ததைக் கண்டனர். இறால் போன்ற சிற்றுயிரான கிரில்லும் அதை உண்ணும் பெங்குவின்களும் திமிங்கிலங்களும் இந்த நுண்தாவரங்களையே சார்ந்திருக்கின்றன.

துளை ஆறத் தொடங்கிவிட்டதற்கான சான்றுகளை 2016இல் வெளியிட்ட குழுவுக்கும் சாலமனே தலைமை தாங்கினார்.