குழந்தைக்கு எதற்கு அந்தச் சோப்பு?

கேள்வி: திருச்சியைச் சேர்ந்த நான் மணிலாவில் பணிபுரிகிறேன். மனைவி பிலிப்பைன்ஸின் கலிபோ ஊரைச் சேர்ந்தவர், இரண்டு மகள்கள். மாமியாரின் மாதாந்திர மருத்துவச் செலவு முழுவதும் என்னுடையது. ஆனால் அந்த வீட்டு விருந்தில் தலைமை இருக்கை என் சகலையான ஆஸ்திரேலியருக்கு. எனக்குக் கிடைப்பது, இந்தியர்களை அங்கே அழைக்கும் 'பும்பாய்' என்ற கேலிப்பெயர். அவருடைய மகனைச் சினிமாவில் நடிக்கலாம் என்று கொஞ்சுகிறார்கள். என் சின்னவள் சற்று நிறம் குறைவு. அவள் ஏங்கக் கூடாதே என்று, ஜனவரித் திருவிழாவுக்குப் போய் வந்தது முதல் அவளுக்கு நிறத்தை வெளுக்க வைக்கும் பப்பாளிச் சோப்பு போடுகிறோம். மாமியாருக்குச் செய்யும் செலவை நிறுத்திவிடலாமா?

பதில்: நாற்காலியைப் பற்றிய உங்கள் வருத்தம் பிறகு இருக்கட்டும். போகிற போக்கில் சோப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கலிபோவில் ஜனவரியில் நடப்பது ஆத்தி-ஆத்திஹான். பனாய் தீவின் பூர்வகுடிகளான, கறுத்த நிறமும் சுருட்டை முடியும் கொண்ட ஆத்தி மக்களைப் போல முகத்தில் கரி பூசிக்கொண்டு, முரசொலிக்கு ஆடியபடி குழந்தை இயேசுவைக் கொண்டாடும் விழா அது. உங்கள் சின்னவளின் கன்னத்திலும் யாராவது கரியைத் தடவியிருப்பார்கள், அவளும் சிரித்திருப்பாள். வீட்டுக்கு வந்து கரியோடு சேர்த்து அவளுடைய சொந்த நிறத்தையும் கழுவிவிடப் பார்த்தவர், அவளைப் பெற்ற நீங்கள். குளியலறையில் அக்காவுக்கு ஒரு சோப்பு, தனக்கு வேறொரு சோப்பு என்று தினமும் பார்க்கிற குழந்தைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளை நிறத்துக்கு முதலிடம் தரும் இந்த வழக்கத்தை மாமியார் தாமாக உண்டாக்கவில்லை. 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர்கள் பிறப்பை வைத்து மனிதர்களை வரிசைப்படுத்தி, மண்ணின் மக்களைக் கடைசியில் நிறுத்தினார்கள். அடுத்து வந்த அமெரிக்கர்கள் 1946இல் விடுதலை கொடுத்தபோதும், அந்நாட்டின் இயற்கை வளங்களில் தம் குடிமக்களுக்குப் பிலிப்பினோக்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்று போர் நிவாரணத் தொகையோடு முடிச்சுப் போட்டு, 1947இல் அரசமைப்பையே திருத்த வைத்தார்கள். அந்த உரிமை 1974 வரை நீடித்தது. வெளியிலிருந்து வந்தவனுக்கு முதல் பந்தி என்பதே சட்டமாக இருந்த நாட்டில் வளர்ந்தவர் அவர். இது விளக்கமே தவிர மன்னிப்பு இல்லை. நீங்களோ அந்தச் சட்டத்தின் கீழ் வளரவும் இல்லை; அந்த வரிசை அநியாயம் என்று தெரிந்தே மகளை அதில் இரண்டு படி மேலே ஏற்றிவிடப் பார்க்கிறீர்கள்.

சோப்பை இன்றே நிறுத்துங்கள். இப்போது சோப்பு என்றால், நாளை அவள் பதின்வயதில் குளூட்டதயோன் ஊசி கேட்பாள். நிறத்தை வெளுக்க அந்த ஊசியைப் போடுவதற்குத் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. வெள்ளைத் தோல் நாயகிகளே கோலோச்சிய பிலிப்பினோத் திரையுலகில், பிக்கோல் பகுதி ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற மாநிறச் சிறுமி நோரா ஆனோர் சூப்பர்ஸ்டாராக உயர்ந்தது உங்கள் மாமியாரின் காலத்தில்தான். அந்தக் கதையைப் பேத்திக்குச் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார். பிள்ளைகளின் எதிரில் நிறத்தைப் பேசக் கூடாது, மருமகனைக் கேலிப்பெயரிட்டு அழைக்கக் கூடாது என்று உங்கள் மனைவி தம் தாயிடம், தம் அக்லானோன் மொழியிலேயே சொல்ல வேண்டும். அது மகளின் கடமை. மருமகன் சொன்னால் சண்டையாகிவிடும்.

மருத்துவச் செலவை நிறுத்தக் கூடாது. நோயுற்ற தாய்க்குச் செய்வதை நாற்காலிக்கு விலையாகக் கணக்குப் பார்ப்பது குடும்பத்துக்கு அழகில்லை. ஆனால் உங்கள் சகலையிடம் அந்தச் செலவில் பங்கு கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லையே, ஏன்? வெள்ளைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் உங்களுக்கும் இருக்கிறது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்களில் நீங்களும் ஒருவர். இந்த மாத மருந்துக் கடை ரசீதை அவருக்கு அனுப்பி, அடுத்த மாதம் முதல் பாதிச் செலவை அவர் ஏற்கட்டும் என்று நீங்களே பேசுங்கள்.